பிரிமணையில் அமர்ந்த படிகம்

மூஞ்சிக்கல்லிலிருந்து இறங்கும் சரிவில், தகரக் கூரை போட்ட பழைய சாமான் கடை ஒன்று இருக்கிறது. கொடைக்கானலில் ஏதேனும் ஒரு பங்களா கைமாறும்போது, உள்ளே இருந்தவற்றில் யாருக்கும் வேண்டாதவை கடைசியில் வந்து சேருகிற இடம் அது. 2 ஆண்டுகளுக்கு முன் ஒரு கார்த்திகை மாதத்தில், சன்னலுக்குப் பித்தளைக் கொக்கி தேடி அங்கே போயிருந்தேன். கணப்பில் விறகு தள்ளும் இரும்புக் கம்பிகளுக்கும் விளிம்பு பெயர்ந்த எனாமல் பேசின்களுக்கும் நடுவே, பழைய துண்டில் சுற்றிய ஏதோ ஒன்று உருண்டு என் காலருகே வந்து நின்றது. துண்டை விலக்கினால் ஆரஞ்சுப் பழம் அளவில் தெளிந்த உருண்டை ஒன்று. அதற்குள் கடை வாசல் தலைகீழாகத் தெரிந்தது.

"இது என்னன்னு எனக்குத் தெரியலம்மா. பெரிய பங்களா காலி பண்ணப்ப வந்தது. சில பேரு கண்ணாடிங்கறாங்க, சில பேரு ஸ்படிகம்ங்கறாங்க. கனமா இருக்கு, கையில வாங்கிப் பாருங்க" என்றார் கடைக்காரர்.

வாங்கிப் பார்த்தேன். முப்பது ஆண்டுகள் அஞ்சலகத்தில் பார்சல்களை எடை போட்ட கை என்னுடையது. அளவுக்கும் கனத்துக்கும் உள்ள பொருத்தம் அந்தக் கைக்குக் கொஞ்சம் பழக்கம். இது கனமாக இருந்தது. ஆனால் அஞ்சலக மேசையில் காகிதம் பறக்காமல் வைத்திருந்த கண்ணாடி உருண்டையைவிட மிகக் கனம் என்றும் சொல்ல முடியவில்லை. கையை உறுத்தியது அதன் குளிர்ச்சிதான். 2,000 ரூபாய் கேட்டார், 1,400 ரூபாய்க்குத் தந்தார். தெரியாததைத் தெரியாது என்று சொல்லி விற்றவரிடம் அதற்கு மேல் பேரம் பேச எனக்கு மனம் வரவில்லை.

அடுத்த வாரம் சமவெளிக்கு இறங்கியபோது ஒரு நகைக்கடையில் அதைக் காட்டினேன். அங்கிருந்தவர் குழல்விளக்கின் கீழே ஒரு முறை உயர்த்திப் பிடித்துவிட்டு, "கண்ணாடிதான், ஸ்படிகம் இவ்வளவு பெரிசா வராது" என்று சொல்லித் திருப்பித் தந்தார். அது கண்ணாடியாகவே இருந்திருந்தாலும் எனக்கு வருத்தம் இல்லை. எடை போடாமலும் திருப்பிப் பார்க்காமலும் இரண்டு நொடியில் ஒரு பொருளுக்குத் தீர்ப்பு எழுதியதுதான் மனத்தில் தைத்தது. நானே பார்த்துவிடுவது என்று பேருந்திலேயே முடிவு செய்தேன்.

முதலில் எடை. எனக்குத் தெரிந்த வழியில் தொடங்குவதுதானே இயல்பு. சமையலறைத் தராசில் உருண்டை 610 கிராம் காட்டியது. தையல் டேப்பை அதன் வயிற்றைச் சுற்றிப் பிடித்தபோது சுற்றளவு 23.9 செ.மீ. வந்தது, அப்படியானால் குறுக்களவு 7.6 செ.மீ. கணக்குப் போட்டுக் கன அளவைக் கண்டுபிடிக்கலாம். ஆனால் கையால் பட்டை தீட்டிய பழைய உருண்டைகள் முழுமையான கோளமாக இருப்பதில்லை என்பதால், தண்ணீரைக் கேட்பதே நம்பகமான வழி. வாயகன்ற பாத்திரத்தில் நீர் நிரப்பித் தராசின் மேல் வைத்து, அளவைச் சுழியமாக்கிக்கொண்டேன். மலைப்பூண்டு வாங்கிய வலைப்பையில் உருண்டையைப் போட்டு, நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுவதும் மூழ்கும்படி தொங்கவிட்டேன். தராசு இப்போது காட்டுவது உருண்டையின் எடையை அல்ல, அது விலக்கிய நீரின் எடையை. ஒரு கிராம் நீர் ஒரு கன சென்டிமீட்டர் என்பதால் அதுவே கன அளவும் ஆகும். 230 என்று நின்றது. 610-ஐ 230-ஆல் வகுத்தால் 2.65.

ஸ்படிகம் என்பது குவார்ட்ஸ் என்னும் படிகம்தான், அதன் அடர்த்தி 2.65. சன்னல் கண்ணாடியும் புட்டிக் கண்ணாடியும் 2.5 அளவில் நிற்கும். 'கே 9 கிரிஸ்டல்' என்று பரிசுப்பொருள் கடைகளில் விற்பதும் 2.5-தான், அது பெயரில் மட்டுமே கிரிஸ்டல், பொருளில் நல்ல ஒளியியல் கண்ணாடி. ஈயம் கலந்த விலையுயர்ந்த கண்ணாடி 3-ஐ ஒட்டியோ தாண்டியோ போகும். படிகத்தையே உருக்கி வார்த்த குவார்ட்ஸ் கண்ணாடி 2.2-க்கு இறங்கிவிடும். அக்ரிலிக் 1.2-க்குள் அடங்கும், கையில் எடுத்தவுடனேயே தெரிந்துவிடும். என் தராசையே சோதிப்பதற்காக, அஞ்சலக நாளைய அந்தக் கண்ணாடிக் காகிதப் பாரத்தையும் அதே வலைப்பையில் போட்டுத் தொங்கவிட்டேன். 335 கிராம், 134 கன சென்டிமீட்டர், வகுத்தால் சரியாக 2.5. தராசு பொய் சொல்லவில்லை.

உருண்டைகளைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்த நாட்களில், வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் குறையற்ற மாபெரும் படிகக் கோளம் ஒன்று இருப்பதை அறிந்தேன். ஏறத்தாழ 32.7 செ.மீ. குறுக்களவு. அதே 2.65-ஐ வைத்து நான் போட்ட கணக்கில் 48.5 கிலோ வந்தது. அங்கே குறித்திருக்கும் எடை 106.75 பவுண்டு, அதாவது 48.4 கிலோ. அவ்வளவு பெரிய கல்லும் என் வீட்டுக் கல்லும் ஒரே எண்ணுக்குக் கட்டுப்பட்டிருப்பதைத் தாளில் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி விளக்க முடியவில்லை. ஸ்படிகம் பெரிதாக வராது என்றவருக்கும் அதுவே பதில்.

ஆனால் எடை மட்டும் போதாது. கண்ணாடி செய்பவர் கலவையை மாற்றினால் 2.65 அடர்த்தியுள்ள கண்ணாடியையும் வார்க்க முடியும். கத்தியால் கீறிப் பார் என்றும், இரண்டு மணிகளை இருட்டில் உரசிப் பார் என்றும் ஊரில் சொல்வார்கள். படிகம் எஃகையும் கண்ணாடியையும்விடக் கடினமானது என்பது உண்மை; மோ அளவுகோலில் கண்ணாடி ஐந்தரை என்றால் படிகம் 7. அதற்காக, யாரோ பல நாட்கள் உட்கார்ந்து ஏற்றிய மெருகில் கீறல் போடுவது எனக்கு உடன்பாடில்லை. படிகத்தைக் கண்ணாடிமேல் தேய்த்தாலும், தேய்த்த இடத்தில் அதன் மெருகும் நொறுங்கத்தான் செய்யும். சேதமில்லாத சோதனைகளே போதும்.

குளிர்ச்சியைப் பார்ப்போம். படிகம், கண்ணாடியைவிட ஆறு முதல் பத்து மடங்கு வேகத்தில் வெப்பத்தைக் கடத்துகிறது. அதனால்தான் கைச்சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருந்து, விடாமல் குளிர்கிறது. கொடைக்கானலில் மார்கழி விடியலில் எல்லாப் பொருளும் சில்லிட்டுத்தான் கிடக்கும் என்பதால், ஒன்றை மட்டும் தொட்டுப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது. ஓர் இரவு முழுவதும் இரண்டு உருண்டைகளையும் ஒரே மேசையில் வைத்திருந்து, காலையில் இடக்கையில் ஒன்றும் வலக்கையில் ஒன்றுமாகப் பிடித்தேன். காகிதப் பாரம் சற்று நேரத்தில் கையோடு இணங்கிவிட்டது. படிகமோ காப்பி குடித்து முடிக்கும் வரையிலும் எலும்புக்குள் இறங்கும் குளிரோடுதான் இருந்தது.

தீர்ப்புச் சொன்னது ஒரு தலைமுடி. வெள்ளைத் தாளில் என் நரைக்காத முடி ஒன்றை நீட்டி வைத்து, இரு முனைகளையும் ஒட்டுத்தாளால் பிடித்து, அதன்மேல் உருண்டையை வைத்து நேர் மேலிருந்து பார்த்தேன். உருண்டை தானே உருப்பெருக்கியாகிவிடுவதால், முடி மூன்று மடங்குக்கு மேல் தடித்துக் கறுப்பு நூல்போல் தெரிந்தது. ஒரே நூல். மனம் சற்றுச் சோர்ந்தது. உருண்டையை அதே இடத்தில் விரல் நுனியால் மெல்ல உருட்டினேன். நூலின் ஓரம் முதலில் மங்கியது. பிறகு யாரோ இரண்டு இழைகளைப் பிரித்து எடுப்பதுபோல அது விலகி, ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான இடைவெளியில் இணையாக இரண்டு நூல்களாக நின்றது. இன்னும் உருட்ட, இடைவெளி குறைந்து மீண்டும் ஒன்றானது. காகிதப் பாரத்தை அதே முடியின்மேல் வைத்து எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரு முடி ஒரு முடியாகவே இருந்தது. அன்று அந்த விளையாட்டை எத்தனை முறை செய்தேன் என்பதற்குக் கணக்கில்லை.

இதற்குப் பெயர் இரட்டை ஒளிவிலகல். படிகத்துக்குள் சிலிக்கனும் ஆக்சிஜனும் ஒழுங்கான அடுக்கில் அமர்ந்திருப்பதால், நுழைகிற ஒளி இரண்டு கதிர்களாகப் பிரிந்து வெவ்வேறு வேகத்தில் செல்கிறது. கண்ணாடியிலும் பெரும்பங்கு அதே சிலிக்காதான். ஆனால் அங்கே அடுக்கு இல்லாததால் ஒளிக்கு எல்லாத் திசையும் ஒன்றே. படிகத்திலும் ஒளியியல் அச்சு என்னும் ஒரு திசையில் மட்டும் ஒளி பிரிவதில்லை. அந்த அச்சுக்குச் சாய்வாகப் பார்க்கும்போதுதான் முடி இரண்டாகும். ஒரே பார்வையில் முடிவு கட்டக்கூடாது, உருட்டிக்கொண்டே பார்க்க வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

அந்த அச்சு எங்கே இருக்கிறது என்பதைக் கண்டுபிடித்தவள் என் அண்ணன் மகள். பொங்கல் விடுமுறைக்கு வந்திருந்தாள். மடிக்கணினியின் திரையிலிருந்து வருவது ஒரே தளத்தில் அதிரும் ஒளி. பள்ளிப் பாடநூல்கள் தளவிளைவுற்ற ஒளி என்கின்றன. திரையில் வெற்று வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, வண்டி ஓட்டும்போது அவள் போடுகிற போலரைஸ்டு கூலிங் கிளாஸை அதற்கு எதிரே பிடித்துத் திருப்பினால், ஒரு நிலையில் திரை முழுவதும் கறுத்துவிடும். அந்தக் கறுப்புக்கும் கூலிங் கிளாஸுக்கும் இடையே உருண்டையைப் பிடிக்க வேண்டும். காகிதப் பாரத்தை வைத்தபோது, ஓரத்தில் சற்றுச் சாம்பல் பூத்ததைத் தவிர இருட்டு அப்படியே இருந்தது. படிக உருண்டையை வைத்ததும் அது விளக்கேற்றியதுபோல் ஒளிர்ந்தது. அவள் அதை மெதுவாகச் சுழற்றினாள்.

"அத்தை, அத்தை, அசையாதீங்க, நடுவுல பாருங்க!"

நீர்நிலையில் கல் எறிந்தால் பரவும் வளையங்களைப்போல, ஆனால் பச்சையும் செம்மையும் மாறி மாறி, ஒன்றுக்குள் ஒன்றாக வட்டங்கள். அவற்றைக் குறுக்கே வெட்டும் கரிய சிலுவையின் கைகள், நடுவட்டத்தை எட்டும் முன்பே கரைந்து போயின. நடு மட்டும் இருளாமல் வெளிறி நின்றது. ஒளியின் அதிர்வுத் தளத்தையே திருகிவிடும் தன்மை குவார்ட்ஸுக்கு உண்டு. ஒரு மில்லிமீட்டர் தடிப்பிலேயே மஞ்சள் ஒளியை ஏறத்தாழ 22 பாகை திருப்பிவிடும். நடு இருளாமல் இருப்பது அதன் அடையாளம். நேர் எதிர்ப்புறத்திலும் அதே வளையங்கள் தெரிந்தன. உருண்டையாகச் செதுக்கியபோது படிகத்தின் ஆறு பட்டைகளும் கூர்முனையும் போய்விட்டன. ஆனால் அது மண்ணுக்குள் எந்தத் திசை நோக்கி வளர்ந்தது என்ற நினைவு உள்ளே அழியாமல் இருக்கிறது. அந்த இரு முனைகளையும் நான் இப்போது தேடாமலே கண்டுபிடிப்பேன். உருண்டையின் ஒரு பக்கத்தில் பிறை வடிவில் சிறிய சில்லு பெயர்ந்த இடம் உண்டு, அதற்கு நான்கு விரற்கடை தள்ளி ஒரு முனை.

உள்ளே ஒரு மூலையில் சல்லாத் துணியை மடித்துப் போட்டதுபோல் வெண்மையான திரை ஒன்றும் இருக்கிறது. குறை என்று சொல்பவர்கள் உண்டு. பத்து மடங்கு பெருக்கும் நகைக்கண்ணாடியை வைத்துப் பார்த்தால், அந்தத் திரை நூற்றுக்கணக்கான நுண்ணிய துளிகளாகப் பிரிகிறது. தட்டையாக, புழுப்போல வளைந்து, ஒன்றையொன்று தொடாமல் ஒரே தளத்தில் பரவியிருக்கின்றன. வளர்ந்துகொண்டிருந்த படிகம் ஒருமுறை விரிசல் கண்டு, சுற்றியிருந்த வெந்நீர்க் கரைசல் அந்த விரிசலில் புகுந்து, பின்பு படிகமே அதை மூடிக்கொண்டபோது சிறைப்பட்ட நீர்த்துளிகள் அவை. கண்ணாடியில் குமிழிகள் இருந்தால், அவை உருண்டையாகவோ முட்டை வடிவிலோ தனித்தனியே மிதக்கும். கலவை சரியாகச் சேராத இடத்தில் சர்க்கரைப் பாகு கரைவதுபோல் நெளிகோடுகள் தெரியும். ஆலையில் வளர்க்கும் செயற்கைக் குவார்ட்ஸும் எடையிலும் ஒளியிலும் இயற்கையானதைப்போலவே இருக்கும் என்பதால், என் உருண்டை மண்ணில் பிறந்தது என்று சொல்லத் துணை நிற்பது இந்தத் திரைதான். அதன் அருகே விரிசல் ஒன்று பகல் வெளிச்சத்தில் வானவில் காட்டுகிறது. மாசற்ற உருண்டை வேண்டுமா இது வேண்டுமா என்று கேட்டால், நான் தயங்காமல் இதையே எடுப்பேன்.

படிகம் நமக்குப் புதிய பொருள் அன்று. நொய்யல் கரையில் கொடுமணலை அகழ்ந்தபோது, படிகத்திலும் பச்சைக்கல்லிலும் சூதுபவளத்திலும் மணி செய்த பட்டறைகளின் எச்சங்கள் கிடைத்தன. தஞ்சாவூரை அடுத்த வல்லத்தில் கிடைத்த படிகத்தைச் சீவி மூக்குக்கண்ணாடிக்கு வில்லை செய்தார்கள். 'பெப்பிள் கண்ணாடி' என்று என் தாத்தா மரியாதையோடு சொன்னது அதைத்தான். பழந்தமிழில் பளிங்கு என்றால் படிகம். இன்று அந்தச் சொல் சலவைக்கல்லுக்குப் போய்விட்டது, பெரிய இழப்பு என்றே நினைக்கிறேன். ஆனால் எனக்கு நெருக்கமான சொல் வெங்கச்சங்கல். சிறுமியாக இருந்தபோது, வண்டிப்பாதையில் கிடக்கும் வெள்ளைக் கற்களில் இரண்டைப் பொறுக்கி வந்து, போர்வைக்குள் புகுந்துகொண்டு ஒன்றோடொன்று உரசுவோம். கல்லுக்குள்ளேயே மங்கலான மஞ்சள் ஒளி ஓடும், கருகிய வாடை வரும். அந்த வெங்கச்சங்கல்லும் குவார்ட்ஸ்தான். எங்கள் பழனி மலையின் சார்னோக்கைட் பாறையிலும் அதே குவார்ட்ஸ் நீலச் சாம்பல் மணிகளாகக் கிடக்கிறது. என் மேசையில் இருப்பது இடைஞ்சலில்லாமல் வளர வாய்ப்புக் கிடைத்த வெங்கச்சங்கல்.

வாங்கிய புதிதில் செய்த ஒரு தவற்றைச் சொல்லியாக வேண்டும், வாசிப்பவர்கள் யாரும் அதைச் செய்துவிடக்கூடாது. தை மாதக் காலை வெயில் சாய்வாக வந்து அழகாக விழுகிறதே என்று, உருண்டையைக் கிழக்குச் சன்னலின் மரத்திண்டில் வைத்துவிட்டுச் சந்தைக்குப் போனேன். திரும்பியபோது வீட்டில் புகை வாடை. மரத்தில், உருண்டைக்கு மேற்கே, பென்சிலால் வரைந்ததுபோல் வளைந்த கரிக்கோடு. இந்த அளவு உருண்டை வெயிலைத் தன் மேற்பரப்பிலிருந்து ஒன்றரை செ.மீ. தொலைவில் ஒரு புள்ளியாகக் குவிக்கிறது. சூரியன் நகர நகர அந்தப் புள்ளியும் நகர்ந்து கோடு இழுத்திருக்கிறது. பக்கத்தில் செய்தித்தாளோ திரைச்சீலையோ இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே அச்சமாக இருக்கிறது.

இதே வேலையைச் செய்வதற்கென்றே ஒரு கருவி உண்டு. கேம்பெல் என்பவர் 1853-இல் மரக்கிண்ணத்தில் கோளத்தை வைத்து வெயிலைப் பதிவு செய்தார். 1879-இல் ஸ்டோக்ஸ் அதை உலோகச் சட்டமும் அட்டையும் கொண்டதாகச் செம்மைப்படுத்தினார். வானிலை நிலையங்களில் அந்தக் கண்ணாடிக் கோளம் அட்டையைச் சுட்டு, அன்று எத்தனை மணி நேரம் வெயில் இருந்தது என்று எழுதிவைக்கும். 1909-இல் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளில் வாயு பாய்வதைக் கண்டறிந்த ஆய்வகம் இருக்கும் ஊர் இது என்பதால், பழைய உருண்டை எதையும் இங்கே அந்தக் கண்ணோடும் பார்ப்பது நல்லது. ஆனால் அந்தக் கருவியின் கோளம் ஏறத்தாழ 10 செ.மீ. குறுக்களவுள்ள கண்ணாடி, என்னுடையது அது இல்லை.

இப்போது என் உருண்டை வடக்குச் சன்னலருகே, ஆச்சி பானை வைக்கப் பயன்படுத்திய கயிற்றுப் பிரிமணையில் இருக்கிறது. வெயில் அங்கே அதிகம் எட்டாது. பிரிமணை மென்மையானது, நழுவவிடாது, எந்தப் பக்கமும் திருப்பி வைக்கலாம். கடையில் விற்கும் பித்தளைத் தாங்கிகள் மெருகில் தடம் போடும். வாரம் ஒருமுறை வெதுவெதுப்பான நீரில் கழுவிப் பழைய பருத்தித் துணியால் துடைக்கிறேன். குளிர்ந்து கிடக்கும் கல்லைச் சுடுநீரில் போட்டால் உள்ளிருக்கும் விரிசல் நீளும் என்பதால் வெந்நீர் கூடவே கூடாது. பகலில் ஒரு துணியைப் போர்த்தி வைக்கிறேன். மாலை நான்கு மணிக்கு மேல், பள்ளத்தாக்கிலிருந்து மஞ்சு ஏறும் நேரத்தில், துணியை எடுத்துவிட்டு உட்காருவேன். உருண்டைக்குள் எங்கள் பேரிமரம் தலைகீழாகத் தொங்கும். வெளியே மேலேறும் மஞ்சு உள்ளே மேலிருந்து கீழிறங்கி, வெண்திரை இருக்கும் மூலையை அடைந்ததும் எது மஞ்சு எது கல் என்று தெரியாமல் கலந்துவிடும். கண்ணைச் சற்றே தளர்த்தினால் கிளைகளின் ஓரங்கள் இரட்டித்து நிற்கும்.

கடைக்காரரிடம் விவரத்தைச் சொல்லாமல் இருப்பது எனக்கு ஒப்பவில்லை. சோதனைகள் முடிந்த பின் போய், அது படிகம்தான் என்று சொல்லி, இன்னும் கொஞ்சம் பணம் கொடுத்தேன். "வித்தது வித்ததுதாம்மா" என்று வாங்க மறுத்துவிட்டார். போன மாதம் அவரே ஆளனுப்பினார், இன்னோர் உருண்டை வந்திருக்கிறது என்று. தாளும் ஒட்டுத்தாளும் எடுத்துக்கொண்டு, ஒப்பிடுவதற்காக என் உருண்டையையும் சால்வையில் சுற்றிக்கொண்டு போனேன். கடைப் பலகையில் முடியை ஒட்டி, புதிதாக வந்ததை அதன்மேல் உருட்டினேன். எப்படித் திருப்பினாலும் ஒரே கோடு. ஆழத்தில் உருண்டைக் குமிழி ஒன்றும் இருந்தது. கண்ணாடி என்றேன். அவர் உடனே ஒரு துண்டுத் தாளில் 'கண்ணாடி, 300' என்று எழுதி அதில் ஒட்டினார். பிறகு என் உருண்டையைக் காட்டி, "இதையும் ஒருவாட்டி வைங்கம்மா" என்றார். வைத்தேன். குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, விரலால் மெல்ல உருட்டினார். கடைக்கு வந்த ஆள் ஏதோ விலை கேட்டது அவர் காதில் விழவில்லை.

"ரெண்டாத்தாம்மா தெரியுது" என்றார், தலையை நிமிர்த்தாமல்.